முருகேசன் தராத பூட்ஸ்

மணி மூன்று. ஐந்தரைக்குப் பம்பாய் விமானம்; அங்கே ஆஸ்பத்திரியில் அம்மா. ராயபுரத்தில் மூழ்கிய தோணியைப் பார்வையிட, காலையில் முக்குளிப்போரின் செம்புத் தொப்பி மாட்டிக் கடலடிக்குப் போய் வந்தேன். இறங்குமுன் கழற்றிய என் பூட்ஸை, கூட முங்கிய முருகேசன் மடியில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்.

"முங்கி எழுந்தா ஒரு நாளு முழுசா ஒசரத்துல ஏறக்கூடாது, ஆகாசத்துல போவக்கூடாது சார். நாளிக்கித் தரேன்."

"யார் சொன்னது?" கத்துகிறேன்.

"என் காலு சொல்லுது. ஒரு தபா அடியில கயித்துல மாட்டிக்கினு பொழச்சி வந்தேன். வேண்டிக்கினோமேன்னு அன்னிக்கே திருப்பதி மலை ஏறி மொட்டை போட்டேன். எறங்கும்போது காலு வெளங்கல."

கடிகாரத்தைப் பார்க்கிறேன். தந்தி ஆபீஸ் வரை நடக்கவாவது ஏதாவது கொடுங்கள் என்கிறேன்.

தன் செருப்பைக் கழற்றி நீட்டுகிறார். இடது செருப்பின் முனை, இழுத்து இழுத்தே பாதி தேய்ந்திருக்கிறது.