வழுக்குப் பாறையில் அம்மா

புது வீட்டுச் சமையலறை மேடைக்காகக் கொத்தனார் கருங்கல்லை அறுத்தபோது எழுந்த சூட்டு வாசனை, எழுபதுகளின் இறுதியில் ஞாயிறுதோறும் பெரியப்பாவின் அம்பாசிடரை இரவல் வாங்கி, கீழ்பென்னாத்தூர்ச் சாலையோரத்து வழுக்குப் பாறைக்கு அப்பா எங்களை அழைத்துச் சென்ற மாலைகளுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. வெயிலில் காய்ந்து கிடந்த அந்தப் பாறையின் சரிவில், தென்னை மட்டைமீது அமர்ந்து நானும் தங்கையும் சர்ரென்று சறுக்கி இறங்குவோம். அம்மாவோ எங்கள் செருப்புகளைக் கையில் பிடித்தபடி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டுமென்று உச்சியில் நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருப்பாள்.

ஒரு ஞாயிறு தங்கை அவளை விடவில்லை. "நீயும் வாம்மா!"

"உங்கம்மா எறங்குனா பாறை தேஞ்சுடும்டி" என்று அப்பா சிரித்தார்.

"தேயட்டும், உங்களுக்கென்ன!" என்ற அம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே போய்ச் சேர்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததேயில்லை.

"இன்னொரு வாட்டி போறேங்க."

"வெளக்கு வைக்க நேரமாச்சுனு நீதானே சொல்லுவ? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு, தன்னையன்றி எவரையும் ஏற்றவிடாத அந்த விளக்கை ஏற்றச் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள் அம்மா. அங்கே பாறையில் பாதியைக் காணவில்லை. வெடிவைத்துத் தகர்த்த கற்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருட்டும் வரையில் நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம். வீட்டுக்குப் போகலாமென்று அம்மா சொல்லவேயில்லை.