நாலு எழுத்தும் ஒரு விக்கலும்

வெள்ளைக்காரர் காலத்தில், குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் மேனேஜரின் மனைவி இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் துரைசானி. ஆறு மாதக் கர்ப்பிணி. விடிந்ததும் துரை மலைக்குப் போய்விடுவார். பேச ஆளில்லாமல் துரைசானி என்னிடம் தமிழ் படிக்க வந்தார். பதிலுக்கு எனக்கு இங்கிலீஷ்.

அவருக்குத் தமிழ் ஓரளவு பிடிபட்டிருந்த ஒரு நாள், இருமல் மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த 'காஃப்' என்ற சொல்லை நான் 'கௌக்' என்று படித்தேன். துரைசானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓ, யூ, ஜீ, எச் என்ற நாலு எழுத்தும் சேர்ந்து வரும் சொற்களை எழுதிக் காட்டினார். இருமலுக்கான 'காஃப்'பில் அவை 'ஆஃப்', பிசைந்த மாவுக்கான 'டோ'வில் 'ஓ', கலப்பைக்கான 'ப்ளவ்'வில் 'அவ்'. அதிகம் வழங்காத சொற்களும் இருந்தன. சிவப்பு மூக்குக் காக்கை ஒன்றுக்கு 'சஃப்'. மரங்களுக்குள் காற்று இரைவதற்கு 'சவ்'. குறுகிய பள்ளத்தாக்குக்கு 'க்ளஃப்'.

"ஏனுங்கம்மா, நாலு எழுத்து இத்தன வேசம் போடுமுங்களா? எங்க எழுத்து எழுதுனபடியே பேசுமுங்க" என்றேன் பெருமையாக.

அவர் விடவில்லை. "கடல்ல ஒரு க. தங்கம்ல ஒரு க. மகன்ல ஒரு க. மூணும் ஒண்ணா, நர்ஸம்மா?"

சொல்லிப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாகத்தான் வந்தன.

இந்தக் கதையைத் துரைசானி துரைமார் கிளப்பில் போய்ச் சொல்ல, அங்கே எல்லாரும் சிரித்து, சனிக்கிழமை சொல் விளையாட்டுக்கு அதே நாலு எழுத்தை வைத்துவிட்டார்கள். குலுங்கும் காரில் அவரைத் தனியாக அனுப்ப டாக்டருக்கு மனமில்லை. என்னைக் கூட அனுப்பினார். எங்களைப் போன்றவர்களுக்குக் கிளப்புக்குள் இடமில்லை. வராந்தா ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.

ஆளுக்கொரு சொல். திணறினால் வெளியே. கடைசியில் துரைசானியும் வெள்ளை மீசைக் கிழத்துரை ஒருவரும் மிஞ்சினார்கள். அவர் காக்கையைச் சொன்னார். இவர் காற்றைச் சொன்னார். அவர் பள்ளத்தாக்கைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவினார். துரைசானிக்கு ஒன்றும் வரவில்லை. பதற்றத்தில் விக்கல்தான் வந்தது.

யாரையும் கேட்காமல் தண்ணீர் டம்ளரோடு உள்ளே போய்விட்டேன்.

"மெதுவா குடிங்கம்மா. விக்கல் நின்னுரும்."

இரண்டு வாய் குடித்தவர் சட்டென்று நிறுத்தினார். கண்கள் விரிந்தன. எழுந்து நின்று உரக்கச் சொன்னார்: "ஹிக்கப்!"

"நீ விக்குவது தெரிகிறது அம்மா. சொல் எங்கே?" என்றார் கிழவர்.

"அதுதான் சொல். பழைய எழுத்துக்கூட்டலில் கடைசி 'கப்'பை இருமலின் 'காஃப்' போலவே எழுதுவார்கள். நாலு எழுத்தும் இருக்கின்றன."

அகராதியை எடுத்து வந்தார்கள். இருந்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் அந்தக் கிழவர்தான். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பரிசாகக் கிடைத்த பிஸ்கட் டப்பாவைத் திரும்பும் வழியிலேயே திறந்துவிட்டோம். விக்கல் இன்னும் நிற்கவில்லை.

"யாரோ நெனைக்கிறாங்கம்மா. உங்கம்மாவா இருக்கும்."

துரைசானி கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்ப டப்பாவில் வைத்தார். பிறகு, "அப்ப நிக்க வேண்டாம்" என்றார்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது, என் கையில்தான். துணியில் சுற்றிக் கொடுத்தேன். துரைசானி மகளைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார். பிறந்த பிள்ளைக்கு 'வா' போதும் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.