ரோஜாவுக்கு வைத்த எலும்பு

எழுபதுகளில் கொடைக்கானல் பள்ளி விடுதி ஒன்றில் சமையல்காரியாக இருந்த கித்தேரியம்மாள், மே மாத மலர்க் கண்காட்சியில் தன் ரோஜாவுக்குப் பரிசு வாங்காமல் கண்ணை மூடுவதில்லை என்றிருந்தார். ஞாயிறுதோறும் விடுதியில் மிஞ்சும் ஆட்டெலும்பைக் கொண்டுவந்து செடிகளுக்கு அடியில் உரமாகப் புதைப்பார். பக்கத்து வீட்டு டாக்ஸி டிரைவர் உபகாரத்தின் நாய் வேலிக்குள் நுழைந்து அத்தனையையும் தோண்டிப்போடும்.

“ஏலே உபகாரம், உன் நாய்க்கு என் தோட்டத்துல என்ன சோலி?”

“எலும்பைப் பொதைச்சு வச்சா வராம என்னக்கா செய்யும்?”

“அது ரோசாவுக்கு வச்சதுலே! நாய்க்குன்னா தட்டுல வச்சிருக்க மாட்டேனா?”

சொன்ன சொல்லுக்காக, மறுவாரம் ஒரு பெரிய எலும்பைத் தட்டிலும் வைத்தார்.

நாய் அதைத் தின்னவில்லை. கவ்விக்கொண்டு போய், அதே ரோஜாவின் அடியைத் தோண்டிப் பத்திரமாகப் புதைத்தது.