பதினெட்டாவது படமா, இருபதாவதா?

1996, ஆனி மாதம். சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கொள்ளேகாலத்தில் பஸ் ஏறினோம், நானும் பதினோரு மாத மாதேஷும். மைசூருக்கு அறுபது கிலோமீட்டர். டிக்கெட் பதினான்கு ரூபாய். ஒரு கையில் குழந்தை, மறு கையில் அண்ணனிடம் இரவல் வாங்கிய கேமரா.

"பையனுக்கு டிக்கெட் வேண்டாங்கம்மா. அந்தப் பெட்டிக்கு வேணா அரை டிக்கெட் போடறேன், அதைத்தான கெட்டியாப் புடிச்சிருக்கீங்க" என்றார் கண்டக்டர். சட்டென்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாதேஸ்வரன் மலையில் மாதேஷுக்கு முடி இறக்குகிறோம். மஸ்கட்டில் வேலை செய்யும் என் கணவர் மகனை இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய இரண்டு படங்களிலும் ஃப்ளாஷுக்குப் பயந்து கண்ணை மூடியிருந்தான். 'சுருட்டை முடி போவதற்குள் ஒரு படம் அனுப்பு. கண் திறந்திருக்கட்டும்' என்று அவர் எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு அரண்மனை வாசல். கருப்பு வெள்ளை ஃபிலிம், வெளிச்சம் வாங்கும் வேகம் நானூறு. அண்ணன் சொன்னபடி கேமராவிலும் நானூறு வைத்தேன். வெயில் கூசி மாதேஷ் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தான். எத்தனை எடுத்தேனென்று எண்ணவில்லை.

பிறகு அக்ரஹாரத்தில் அக்கா வீடு. பன்னிரண்டரைக்கு மழை பிடித்தது, கரண்டும் போனது. அந்த அரை இருட்டில் மாதேஷ் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தான். மழையைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன.

கேமராவுக்குள் வெளிச்சம் காட்டும் முள் அசையவில்லை. நானூறில் இருந்த வேக எண்ணை ஆயிரத்து அறுநூறுக்குத் திருப்பினேன். முள் எழுந்தது. மிச்ச ஃபிலிம் முழுவதையும் எடுத்துத் தீர்த்தேன்.

மூன்று மணிக்கு அக்காவோடு பக்கத்துத் தெரு ஸ்டூடியோ. விவரம் கேட்டதும் ஸ்டூடியோக்காரர் தலையில் கை வைத்தார்.

"ஒரு ரோலுக்கு ஒரே நம்பர்தாம்மா. எல்லாம் ஒரே தொட்டியிலே கழுவறது. நானூறுக்குக் கழுவினா வீட்டுப் படம் தெரியாது. ஜாஸ்தி நேரம் போட்டா அரண்மனை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆகும். மகன் முகமும் புள்ளி புள்ளியா வரும்."

"ரெண்டா வெட்டிக் கழுவ முடியாதுங்களா?"

"இருட்டறையிலே தடவித்தான் வெட்டணும். எத்தனாவது படத்திலே திருப்பினீங்க?"

பதினெட்டு என்றேன். உடனே இருபதோ என்று தோன்றியது.

"நோடிம்மா, பாத்துக்கங்க, குழந்தை முகத்து மேலயே கத்தரி விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது."

அக்கா முழங்கையால் இடித்தாள். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் ராஜா அரண்மனையைப் பாக்கவா அங்கே ஏங்கிட்டிருக்கார்?"

"வெட்ட வேண்டாங்க. எல்லாத்தையும் இருட்டுப் படத்துக்குத் தக்கபடியே கழுவுங்க. புள்ளி வந்தாப் பரவால்லீங்க" என்றேன். இரவெல்லாம் அக்காவிடம் "சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் படங்கள் கிடைத்தன. அரண்மனை வெளுத்துப் போயிருந்தது. வீட்டுப் படங்களில் பாதி ஆட்டம். ஒன்றே ஒன்றில், ரவை தூவிய மாதிரி புள்ளிகளுக்கு நடுவே, மாதேஷ் சுருட்டை முடியோடு நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து படத்தின் பின்னால் எழுதினேன்: 'முகத்தில் வேர்க்குரு இல்லை, பயப்பட வேண்டாம். வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.'

இது போய்ச் சேரும்போது அந்த முடி இருக்காது. நான் எதிரில் நின்றபோது என்னைப் பார்த்துச் சிரித்தவன், உறையைப் பிரிக்கும்போது அவரைப் பார்த்துச் சிரிப்பான்.