கொப்பரைக் கிடங்கில் ஒரு ஆல்பம்

நேற்று கீழராஜ வீதியில் வேறெதையோ வாங்கப் போனவன், ஒரு எண்ணெய்க் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வெயிலில் காய்ந்த கொப்பரையின் வாசனை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டுவிட, வழியில்லாமல் கால் லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வாசனைக்கு எனக்கு எண்ணெய் நினைவு வருவதில்லை. எலெக்ட்ரிக் கிட்டார்தான் நினைவு வரும்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். கடைக்கு வந்து பழக்கமானவன் பஷீர், பேராவூரணிக்காரன். துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கிட்டாரோடு ராக் இசை பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது அவனை. அவன் மாமாவுக்குத் தென்னந்தோப்பு நடுவே ஒரு கொப்பரைக் கிடங்கு இருந்தது. சுவரோரம் அடுக்கிய சாக்கு மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று பஷீர் கண்டுபிடித்ததும், அதுவே எங்கள் ஸ்டுடியோ ஆனது. டிரம்ஸுக்கு ஆள் அகப்படாததால் அவன் லேப்டாப்பே வாசித்தது. எனக்கு பேஸ் கிட்டார். நான்கே கம்பிகள், சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

பாடியவள் கயல். மல்லிப்பட்டினம் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். தூங்கி எழுந்தவள் பேசுவதுபோல லேசான கரகரப்போடு பாடுவாள். குழுவுக்குக் ‘கடைமடை’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். “வந்தாலும் வரும், வராமலும் போகும். நம்ம பேண்டு மாதிரி” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தால் எல்லாம் ஒரே பகலாகத் தெரிகிறது. ஓட்டுச் சந்துகளில் இறங்கிய வெயில் மூட்டைகள் மேல் ஊர்ந்துபோகும். பாட்டின் நடுவே வெளியே தேங்காய் விழும். முதலிலிருந்து ஆரம்பிப்போம். மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்ந்து விழிப்பேன். அந்த மெட்டு கனவில் கேட்டதா, பஷீர் வாசித்ததா என்று விளங்காது.

ஆல்பத்தில் எங்களுக்குப் பிடித்த பாட்டு ஒரு பசுவைப் பற்றியது. கயல் கல்லூரியிலிருந்து ஒரு கிராமத்துக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது கன்று இறந்துவிட்டது. பாட்டில் அவள் அந்தத் தாய்ப்பசுவிடம், எழுந்திரு, கொஞ்சம் தண்ணி குடி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

இணையத்தில் ஏற்றினோம். சில வாரம் கழித்து விமர்சனங்கள் வரத் தொடங்கின. சென்னையின் ஓர் இசைத்தளம், சாக்குப் பைக்குள் உட்கார்ந்து பதிவு செய்ததுபோல இருக்கிறது என்று எழுதியது. கிட்டத்தட்ட உண்மை என்பதால் கோபப்பட முடியவில்லை. என்னைப் பற்றி, ‘பேஸ் கிட்டார் இருக்கிறது’ என்று ஒரே வரி. அதை ஊரெல்லாம் காட்டினேன். பிறகு ஓர் ஆங்கிலப் பத்திரிகை எங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பசு என்பது காவிரியாம், இறந்த கன்று டெல்டாவாம். அதைப் பார்த்துத் தமிழ் நாளிதழ் ஒன்று கயலின் படத்தையே போட்டுவிட்டது. மைக்கைப் பிடித்து, கண்ணை மூடியபடி.

சிக்கல் அங்கேதான். அவள் பாடுவது வீட்டுக்குத் தெரியாது. மீன் ஏலக் கூடத்தில் யாரோ அவள் அப்பாவிடம் படத்தைக் காட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு, பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கிடங்கு வாசலில் நின்றார். கயல் மைக்கைக் கீழே வைத்தாள். பஷீர் அவரை உட்காரச் சொல்லி டீ வாங்க ஓடினான். நான் கிட்டாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன், எதற்கென்று இன்றுவரை தெரியாது.

அவர் திட்டவில்லை. பாட்டைப் போடச் சொன்னார். பசுப் பாட்டைப் போட்டோம். தரையைப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

“இது அன்னிக்கு போன்ல அழுதியே, அந்த மாடா?”

“ஆமாம்ப்பா.”

“அப்புறம் அது எந்திரிச்சுதா?”

“எந்திரிச்சுது. தண்ணி குடிச்சுது.”

அவர் தலையாட்டினார். “பாடு. அம்மாகிட்ட சொல்லிட்டுப் பாடு” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்துப் பஸ் ஏறினார்.

காவிரியைப் பற்றி அடுத்த ஆல்பம் எப்போது என்று அந்த ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து போன் வந்தபோது கயல் பொறுமையாக, “அது மாடுதாங்க” என்றாள். அதோடு எங்களைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. படிப்பு முடிந்து வேலைக்குப் போனாள். பஷீரை அண்ணன் துபாய்க்கு அழைத்துக்கொண்டார். இரண்டாவது ஆல்பம் வரவேயில்லை.

பிறகு வந்த புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. கிடங்கின் கூரை எங்கே போய் விழுந்ததென்றே தெரியவில்லை. எங்களைக் கிண்டலடித்த அந்த இசைத்தளத்தையும் மூடிவிட்டார்கள்.

எண்ணெய் வாங்கிவந்த கையோடு கயலுக்குப் போன் செய்தேன். மன்னார்குடி பக்கம் மருத்துவராக இருக்கிறாள். ஏதோ தொழுவத்தில் நின்றுகொண்டு பேசினாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு, எங்கே கன்று நல்லபடியாகப் பிறந்தாலும் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவாளாம். இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அவர் போன ஐப்பசியில் இறந்துவிட்டார்.

“இப்பதான் ஒண்ணு பொறந்துச்சு. கெடேரிக் கன்னு” என்றாள். “அப்பாவக் கூப்பிடப் போனை எடுத்துட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”