வாளியக்காவின் நான்கு வரிசைகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அவளுக்கு வாளியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சோலார் பலகைகளைக் கழுவும் பெண்கள் பதினோரு பேர். விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். வெயில் ஏறி கண்ணாடி சுட்ட பிறகு தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். நீளக் கழியில் கட்டிய பிரஷால் தேய்த்து, பறவை எச்சத்தைச் சுரண்டி, வைப்பரால் வழித்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும்போல இருக்கும். மற்ற பத்து பேரும் சாமான்களைக் கொட்டகையில் போட்டுவிட்டு, விட்டால் போதும் என்று வாசலுக்கு ஓடுவார்கள். இவள் மட்டும் டேங்கரின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பாள். பதினான்காம் வரிசையிலிருந்து பதினேழாம் வரிசை வரை பலகைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து போய், கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல மண்ணில் ஊற்றிவிட்டு வருவாள்.

“என்ன வாளியக்கா, பலகையோட இரும்புக்கால் துளிர் விட்டுடுச்சா?” என்பார் சூப்பர்வைசர்.

“உங்க தலையில ஊத்தினாலும் ஏதாவது முளைக்கும். கொஞ்சம் குனியுங்க.”

சூப்பர்வைசருக்கு முழு வழுக்கை. அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அந்த நான்கு வரிசைகளும் நிற்பது தன் நிலத்தில் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடங்களுக்கு முன் கம்பெனி வந்தபோது நாற்பது குடும்பங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தன. யாரும் கழுத்தைப் பிடித்துக் கேட்கவில்லை. மழை மூன்று வருடம் கைவிரித்திருந்தது, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் புல்டோசர்கள் வரப்பு, மரம், எல்லைக்கல், கிணறு என்று எல்லாவற்றையும் வழித்துத் தரையை மேசைபோல ஆக்கிவிட்டன. இரண்டு வருடம் கழித்துக் கழுவும் வேலைக்கு உள்ளே வந்தவள், சொந்த வீட்டில் விளக்கணைந்துபோனவளைப்போலத் தடவித் தடவி நின்றாள். எல்லா வரிசையும் ஒன்றுபோல இருந்தது. அந்த வருடம் பெய்த முதல் மழையில் பதினான்காம் வரிசைக்குப் பக்கத்தில் தரை வட்டமாக உள்வாங்கியது. மூடிய கிணறு! அங்கிருந்து காலடி வைத்து எண்ணினாள். நான்கு வரிசை. அன்றே முதல் வாளி.

நிலத்துக்கும் ஊருக்கும் இந்த இருபது வருடத்தில் என்னென்னவோ ஆயிற்று. வேலியைச் சுற்றிக்கொண்டு ஆடு ஓட்டியவர்கள் கால் வலி தாளாமல் ஆட்டை விற்றார்கள். சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவை, போனவைதான். இன்னொரு பக்கம், வாளியக்காவின் மகள் மின்சாரம் படித்துவிட்டு இதே வளாகத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மண் மட்டும் எதிலும் சேராமல் கிடந்தது. இயந்திரங்கள் மிதித்த மிதியில் செங்கல்லாக இறுகி, காற்றடித்தால் தூசியாகப் பறந்து பலகைமேல் படிந்தது. அந்தத் தூசியைக் கழுவித்தான் அவள் சம்பளம் வாங்கினாள்.

நான்கு வரிசையில் மட்டும் கதை வேறு. வேலியோரத்தில் வெட்டிய புல்லை வேலிக்கு வெளியே கொட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி. அவள் பாதியை வெளியே கொட்டினாள். மீதியும், பதினோரு பேர் குடித்த டீயின் சக்கையும், சாப்பாட்டு மிச்சமும் அந்தப் பலகைகளின் அடிக்குப் போயின.

இந்த வருடம் குத்தகை முடிந்தது. கம்பெனி இரண்டு வழி சொன்னது. ஒன்று, இன்னும் இருபது வருடம் குத்தகை. பலகைகளை ஆள் உயரத்துக்கு ஏற்றித் தருவார்கள், அடியில் வேண்டியவர்கள் பயிர் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், மொத்தமாக விற்றுவிடலாம். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வளைவு நெளிவு அவருக்குச் சாலையில் மட்டும்தான்.

“வித்துடலாம். இருபது வருஷமா கண்ணால பார்க்காத நிலம். இருந்தா என்ன, போனா என்ன?”

“நீங்க பார்க்கலை. நான் தினமும் பார்க்கிறேன்.”

“நீ கண்ணாடியைப் பார்க்கிறே.”

“கண்ணாடிக்குக் கீழே குனிஞ்சு பாருங்க, அப்புறம் பேசுங்க.”

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கம்பெனி ஆள் வந்து நிலத்தை அளக்கும் நாளில் அவரே வந்து கடப்பாரை போட்டுப் பார்ப்பார். மண்ணுக்கு உயிர் இருந்தால் நிலம் இருக்கும். இல்லையென்றால் அவள் மறுபேச்சில்லாமல் விற்பனைத் தாளில் கையெழுத்துப் போடுவாள்.

அந்த நாளில் தையல்காரம்மாவும் வந்திருந்தாள். பக்கத்து நிலத்துக்காரி. கழுத்தில் மாலைபோல இஞ்ச் டேப் தொங்கும். தூக்கத்தில்கூடக் கழற்றுவாளா என்பது சந்தேகம். குத்தகைக்கு இரண்டு வருடம் முன்பு, அதே டேப்பைக் கொண்டுவந்து வரப்பை அளந்து, “எல்லைக்கல்லை ஒரு சாண் தள்ளி நட்டிருக்கீங்க” என்று ஊர் கேட்கக் கத்தியவள். அன்றோடு பேச்சு நின்றது. சண்டைக்குக் காரணமான கல்லைப் புல்டோசர் அள்ளிக்கொண்டு போய்விட்டது. சண்டையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது.

அளவைக்காரர் முக்காலியை நிறுத்திக் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோதே, கணவர் பொறுமையில்லாமல் பதினைந்தாம் வரிசையின் ஓரத்தில் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். அது முழங்கை ஆழத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கியது. விழப்போனவர் சுதாரித்துக்கொண்டார். கிளறிய மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. அதிலிருந்து ஒரு மண்புழு, தூக்கத்தைக் கலைத்துவிட்டீர்களே என்கிறதைப்போல நெளிந்தது. அவர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

“அட” என்றார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக, “அட.”

வாளியக்காவுக்கு அந்த இரண்டு ‘அட’ போதும். தலைக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு, பலகைகளின் வரிசையை முதல்முறையாக நிமிர்ந்து நின்று பார்த்தாள்.

அப்போதுதான் அளவைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“அம்மா, இது உங்களோடது இல்லையே.”

“என்னது?”

“பதினாலுலேர்ந்து பதினேழு வரைக்கும் இவங்களோடது” என்று தையல்காரம்மாவைக் காட்டினார். “உங்களோடது பதினெட்டுலேர்ந்து இருபத்தொண்ணு.”

“கிணறு இருக்கே, சார். எங்க கிணறு.”

“ரெண்டு கிணத்தை மூடியிருக்காங்க. வரைபடத்துல இருக்கு, பாருங்க. உள்வாங்கினது அவங்க கிணறு. உங்களோடது இறுகியே கிடக்கு.”

கணவர் பதினெட்டாம் வரிசைக்குப் போய்க் கடப்பாரையைப் போட்டார். ணங்கென்று எகிறி வந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது சூப்பர்வைசர். “விலாசம் விசாரிக்காம பதினெட்டு வருஷம் மணியார்டர் அனுப்பியிருக்கீங்களே, அக்கா!” கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. வாளியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கணவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த விற்பனைத் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைவிட அது மோசமாக இருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்குத் தரை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பதினேழாம் வரிசையின் கடைசிக் கால்வரை புல். அதைத் தாண்டினால் வெளுத்த கட்டாந்தரை. நடுவே, யாரோ கத்தரியால் வெட்டியதைப்போல ஒரு கோடு. எவ்வளவு நேரம் பார்த்தாளோ, சட்டென்று எழுந்தாள்.

“என்னங்க, இங்க வாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே பலகை, அதே இருபது வருஷம். வேற ஒண்ணே ஒண்ணுதான். என் வாளி.”

“சரி, அதுக்கு?”

“நான் சரியான இடத்துல ஊத்தியிருந்தா, நம்ம மண்ணே நல்ல மண்ணுன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. தப்பா ஊத்தினதாலதானே தெரியுது, செத்த மண்ணும் திரும்பி வரும்னு!”

“இன்னும் பதினெட்டு வருஷம் ஊத்தணுமா? நான் இருக்க வேண்டாமா?”

“அது ஒருத்தி, மிச்சத் தண்ணியில, சூப்பர்வைசருக்குப் பயந்து பயந்து செஞ்சது.”

“பயந்து பயந்தா? நீயா?”

கேட்டது தையல்காரம்மா. சுற்றியிருந்த சிரிப்பு நின்றுபோனது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் இவளிடம் பேசிய முதல் வார்த்தை.

தையல்காரம்மா தன் மண்ணைக் குனிந்து பார்த்தாள். துணியின் தரம் பார்க்கிறதைப்போலக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “கூடை கொண்டுவா. அள்ளிக்கோ. புழுவோட அள்ளு, வெறும் மண்ணை வச்சு என்ன பண்ணுவே.”

“அக்கா... ஒரு சாண் மண்ணுக்கு அன்னைக்கு...”

“அதுக்குத்தான் கூடையில குடுக்கிறேன். அதை டேப் வச்சு அளக்க முடியாதுல்ல.”

புல் சுமக்கும் கூடைகள் கொட்டகையிலேயே இருந்தன. கணவர் தாளை நான்காக மடித்துப் பின்பையில் செருகிவிட்டு, பதினெட்டாம் வரிசையில் மறுபடி கடப்பாரையை எடுத்தார். இந்த முறை ஓங்கிப் போடவில்லை, நெம்பினார். கட்டிகட்டியாகப் பெயர்ந்து ஒரு முழக் குழி ஆக நெடுநேரம் பிடித்தது. இரண்டு பெண்களும் கறுப்பு மண்ணைக் குழியின் அடியில் கொட்டிப் பரப்பினார்கள். கோட்டைத் தாண்டி ஒரு புழு விழுந்தது. வாளியக்கா கையால் பிடித்துக் குழியின் நடுவில் விட்டாள்.

வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் குழியில் அப்படியே நின்றது. பலகையின் விளிம்பும், அதற்கு மேலே ஒரு துண்டு வானமும் அதில் தெரிந்தன. மூவரும் நின்று பார்த்தார்கள். சூப்பர்வைசர்கூட வழுக்கையைத் தடவிக்கொண்டு எட்டிப் பார்த்தார். குழியின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் வந்து உடைந்தது. இன்னொன்று. வானம் விரல்கடை அளவு கீழே இறங்கியது.

“குடிக்குது” என்றார் கணவர்.