வைகாசியில் ஓர் ஊசிவால்

தணிகாசலத்துக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம்கூட வாய்த்ததில்லை. வரதய்யபாளையத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஏரிக்கு அவர்தான் நீர்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் அவரிடம் இருந்தது. பனிக்காலத்தில் வந்து தங்கும் வாத்துகள் கடைசி ஒன்றுவரை கிளம்பிப் போன பிறகுதான் ஊரார் ஏரியில் மீன்வலை இறக்குவார்கள்; அது ஊர் வழக்கம். அவர் கரையை முழுக்கச் சுற்றி வந்து, பறவை போய்விட்டது என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக, நிலக்காரர்கள்கூட அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

போன வருஷம் புதுக் கம்பெனி ஒன்றின் கேட்டில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, மாதச் சம்பளம், போக வர பஸ். இந்தச் சித்திரையிலும் பறவை போய்விட்டது என்று அவரே சொன்னார். மீன் பிடிக்க ஊர் வைகாசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தது. சென்னைக்கு வேலைக்குப் போனவர்களும் லீவு போட்டு வந்து இறங்கினார்கள்.

அன்று காலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கோரைப் பக்கம் இறங்கிய தணிகாசலம் அப்படியே நின்றுவிட்டார். பத்தடி தூரத்தில், பழுப்புத் தலையும் வெள்ளைக் கழுத்துமாக ஓர் ஊசிவால் வாத்து மிதந்தது. மாசியோடு போகிற ஜாதி. யாரும் பார்ப்பதற்குள் பறந்து போகட்டும் என்று கையைத் தட்டினார். அது பறக்கவில்லை. ஒரு பக்க இறக்கை தண்ணீரில் தொங்கியது. அதில் தூண்டில் நைலான் நரம்பு சுற்றியிருந்தது.

"இன்னா மாமா, மீனு புடிக்க வந்தியா, கை தட்ட வந்தியா?" கரையிலிருந்து கேட்டான் முனிரத்தினம், சென்னையில் ஏசி மெக்கானிக். எல்லாரும் சிரித்தார்கள்.

வாத்தைக் கோரைக்குள் தள்ளிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தணிகாசலம் கரைப் பக்கம் திரும்பினார்.

"வலைய எறக்காதீங்க. ஊசிவாலு ஒண்ணு கீது."

முனிரத்தினம் நம்பவில்லை. யாரோ வளர்க்கிற வாத்தாயிருக்கும், ஒரு வாத்துக்காக இத்தனை பேர் திரும்பிப் போவதா என்றான். நான்கைந்து பேர் இறங்கி வந்து பார்த்தார்கள். ஊசிவால்தான் என்று தலையாட்டினார்கள்.

மீன் கூடையோடு இறங்கி வந்த தாட்சாயணிதான் கேட்டாள். "கரைய சுத்திப் பாத்துட்டுத்தான சொன்ன, அண்ணா?"

"இல்லம்மா. பஸ்ல போவச்சொல்ல ஜன்னலாண்ட இருந்து பாத்தேன். தண்ணி வெறிச்சினு இருந்திச்சி. சொல்ட்டேன்."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக வலையைச் சுருட்டினார்கள், முனிரத்தினம்கூட, முனகிக்கொண்டே.

"அட்த்த வருசம் நடந்து பாக்கறவங்க யார்னா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுத் தாட்சாயணி கரையேறினாள்.

மற்றவர்களும் அவள் பின்னால் ஏறினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த தணிகாசலம் அதற்குத் தலையாட்டிவிட்டு, நரம்பை அவிழ்க்க வாத்தின் பக்கம் நடந்தார்.